நண்பகல் எருதுகள்

இசக்கிராசு தலைச்சுமையோடு மல்லாக்க விழுந்தபோதும் அவன் மணிக்கட்டுப் பட்டை பச்சையாகத்தான் எரிந்தது. பச்சை என்றால் எருது நலம். உச்சிவெயில் எருதுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அந்தப் பட்டையைச் செய்தவன் முடிவு கட்டியிருந்தான்.

"ஏல ராசு! கண்ணத் தொறல!"

வடிவு தன் தலையிலிருந்த சூரியத் தகட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். தம்பியின் உடம்பு அடுப்புக்கல்லாய்க் கொதித்தது. தொட்டுப் பார்த்தால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. போன சித்திரையில் அவள் புருசனுக்கும் இதே களத்தில் இப்படித்தான் வியர்வை நின்றுபோனது. தண்ணீர் கேட்டான். செம்பு வருமுன் போய்விட்டான்.

ஆயுள் முடிந்த சூரியத் தகடுகளை உடைத்து வெள்ளியும் செம்பும் எடுக்கும் களம் அது. கயத்தாற்றுப் பொட்டலில் கண்ணாடி மலையாய்க் குவிந்து கிடக்கும். மேலே ஒரு சூரியன், காலடியில் ஓராயிரம் சூரியன். இயந்திரம் வாங்கினால் பழுது பார்க்க வேண்டும். ஆள் என்றால் தானே எழுந்து வேலைக்கு வரும்.

அந்த ஆளை எருதாக்கியது இயல்மானி. நரம்புத் துடிப்பைப் படித்து, நீ இன்ன விலங்கு என்று சொல்லும் பெட்டி. முதலில் கல்யாண வீடுகளில் விளையாட்டாக வந்தது. மாப்பிள்ளை மயில், பெண் மான் என்று சிரித்தார்கள். பிறகு வங்கிக்காரன் கேட்டான், பள்ளிக்கூடத்துக்காரன் கேட்டான், கடைசியில் சட்டமே வந்தது: எந்த இயல்போ, அந்த விலங்கின் விதி. புலிக்கு மேலாளர் நாற்காலி. நரிக்கு வியாபாரம். எருதுக்குச் சுமை. வேலை நேரம், ஓய்வு, விடுப்பு எல்லாம் மனிதருக்கு எழுதியவை, எருதுக்கு அவை எதற்கு? களத்து முதலாளிகள் கால்கடுக்க நின்று வாங்கிய சட்டம் அது.

ஆட்களைச் சோதித்தது எப்போது தெரியுமா? நாளெல்லாம் சுமந்துவிட்டுப் பொழுதடையக் குந்தியிருக்கும்போது. அந்நேரம் கன்னத்தில் அறைந்தாலும் கோபம் வராது. பெட்டி அத்தனை பேரையும் எருது என்றது. மேலாளர் கோகுல்நாத்தைக் குளிர் அறையில், காலைப் பலகாரம் முடிந்தபின் சோதித்தார்கள். புலி.

வடிவு தம்பியின் பட்டையில் இருந்த அவசரப் பொத்தானை அமுக்கினாள். கோகுல்நாத் குடை பிடித்து வந்தார்.

"என்னம்மா கூட்டம்? ஒரு எருது படுத்தா எல்லா எருதும் படுக்கணுமா?"

தூரத்தில் வெள்ளை வண்டி ஒன்று புழுதி கிளப்பி வந்தது. அதன் பக்கவாட்டில் மாட்டுத்தலை வரைந்திருந்தது.

"அட கூறுகெட்ட பயலுவளா, மாட்டாசுபத்திரி வண்டியல்லா அனுப்பிருக்கானுவ!" என்றார் கூடச் சுமக்கும் பலவேசம்.

பட்டை என்ன சொன்னதோ அதற்கேற்ற வண்டி வந்திருந்தது. இறங்கிய டாக்டர் பர்வீன் திகைத்து நின்றாள்.

"எருது மயங்கிடுச்சுன்னு தகவல் வந்துச்சு. நான் மாட்டு டாக்டர்ம்மா."

"சாவக் கெடக்கவனுக்கு எந்த டாக்டரா இருந்தா என்ன தாயி? எருதுன்னே நெனச்சிப் பாருங்க!"

பர்வீன் மருந்துப் பையை எடுத்தாள். ராசுவை வண்டி நிழலுக்கு இழுத்தார்கள். கக்கத்தில் பனிக்கட்டி வைத்து, நரம்பு தேடி உப்புநீர் ஏற்றினாள். அவள் கைக்கருவி விட்டு விட்டு ஒலித்தது. அதில் வந்த வெயில் எச்சரிக்கையைப் படித்தவள், கோகுல்நாத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், இந்த வெயில்ல பன்னெண்டு மணிலேருந்து மூணு மணி வரைக்கும் எருதை வேலைக்குப் பூட்டக்கூடாது. பூட்டினா ஜெயில். மாட்டுக்குப் பழைய விதி இது."

"அது மாட்டுக்கு!"

"இவங்க?"

"இவங்க மனுசங்க டாக்டர்! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

களம் அப்படியே நின்றது. பட்டை மாட்டிய நாளிலிருந்து அந்தச் சொல்லை யார் வாயிலும் அவர்கள் கேட்டதில்லை. வடிவு எழுந்து அவர் முன்னால் வந்தாள்.

"எம் புருசன் செத்தப்ப இந்த வார்த்தைய எங்கவே வச்சிருந்தீரு? இப்ப வேல நிக்கிதுன்னதும் மனுசங்களாயிட்டமோ?"

"சரி, மனுசங்கன்னே எழுதிக் கொடுங்க," என்றாள் பர்வீன். "மனுசங்க ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன். ஆனா பெட்டி பொய் சொல்லுதுன்னு ஆயிடும். அப்புறம் உங்க பட்டையையும் நம்ப முடியாதே சார்."

கோகுல்நாத்தின் கை தன் பொன்னிறப் பட்டையைப் பொத்திக்கொண்டது. புலி இல்லையென்றால் நாற்காலி இல்லை. வெயிலையும் தகட்டு மலையையும் பார்த்தார்.

"மூணு மணி வரைக்கும்தான்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வண்டி நிழலிலும் கொட்டகை ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். மாட்டுக்கு வைக்கும் வாளியில் பர்வீன் தண்ணீர் கொடுத்தாள். முறை வைத்துக் குடித்தார்கள்.

"எருதா இருக்கதுல இம்புட்டுச் சொகம்னு தெரிஞ்சிருந்தா, கொம்போடயே பொறந்திருப்பேன்," என்றார் பலவேசம். சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

ராசு கண் திறந்தான். "அக்கா... வெயில் தாந்துட்டா?"

"தாழும்ல. நீ கெட."

வாளித் தண்ணீர் வடிவின் தொண்டையில் கசந்தது. மாட்டுக்கு இரங்கி என்றைக்கோ ஒருவன் விதி எழுதியிருக்கிறான். அது தெரியாமல் அவள் புருசன் எருதுப் பட்டையைக் கட்டிக்கொண்டு மனுசனாகக் கிடந்து செத்திருக்கிறான்.

மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. பழக்கத்தில் எல்லோருடைய இடுப்பும் எழுந்தது. வடிவு அசையவில்லை. அவள் பட்டை பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போய், என்ன விலங்கென்று தெரியாமல் மின்னிக்கொண்டே இருந்தது. உடைந்த தகட்டுச் சில்லை எடுத்தாள். பட்டையை அறுத்து வாளியில் போட்டாள். பலவேசம் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

கோகுல்நாத் கத்திக்கொண்டே வந்தார். "விதி முடிஞ்சுது! எருதெல்லாம் எந்திரி! எந்திரின்னு சொல்றேன்ல?"

"எருதா இருந்தா," என்றாள் வடிவு, "இந்நேரம் எந்திரிச்சிருக்கும்."