இரண்டு முறை தட்டினால்

நட்டநடுப் பகல் பன்னிரண்டு மணிக்கு அக்கா வீட்டு மணியை அடித்தேன். அவள் உயிரோடு இருந்திருந்தால், பேய்க்கதைக்கு இது உருப்படாத நேரம் என்று சொல்லியிருப்பாள். நாங்கள் இருவரும் சேர்ந்து எட்டுப் பேய்க்கதைப் புத்தகங்கள் எழுதியவர்கள். எந்த நேரத்தில் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

கதவைத் திறந்தது அத்தான். லாரி ஓட்டுபவர். அக்கா போய் ஆறு வாரமாகிறது, இன்னும் வண்டியை எடுக்கவில்லை. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"வா குள்ளா. சாப்பிட்டியா?"

அக்கா எனக்கு வைத்த பெயர் அது. இப்போது அவர்தான் அப்படிக் கூப்பிடுகிறார்.

"ஆச்சு அத்தான். கடைசி புரூஃப் வந்திருக்கு. நாலு மணிக்குள்ள பதிப்பகத்துக்கு ஓகே சொல்லணும்."

"அவ ரூம்லயே உக்காந்து படி." தயங்கினார். "நீ குடுத்த பிரதியை நானும் படிச்சேன். அவ தலைவலிய யார்கிட்டயும் சொல்லலன்னு எழுதியிருந்தியே. அவ விழுந்த அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு லாரியிலேர்ந்து போன்ல பேசினேன்டா. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். அவ குரல்லயே நான் கண்டுபிடிச்சிருக்கணும். மனசு ஆறவே மாட்டேங்குது."

நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

புரூஃபை என் வீட்டிலேயே படித்திருக்கலாம். ஆனால் கடைசி புரூஃபை அக்காவின் மேசையில், வாய்விட்டுத்தான் படிப்போம். ஒற்றைப்படை அத்தியாயங்கள் அவளுடையவை, இரட்டைப்படை என்னுடையவை. ஒருவர் படிக்க, மற்றவர் கேட்பார். சரி என்றால் மேசையில் ஒரு தட்டு. சரியில்லை என்றால் இரண்டு. இரண்டு தட்டிவிட்டால் பேச்சே கிடையாது, அந்த வரியை அடித்தே ஆக வேண்டும். இதற்காகச் சண்டை போட்டு வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் சட்டத்தை மீறியதில்லை.

ஒரு தடவை தவிர.

பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போன பிறகு, அக்காவிடம் மிஞ்சியது அந்தத் தட்டு மட்டும்தான். இடது கை மோதிரத்தால் வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டுவாள். நான் ஒரு வரி எழுதிப் படிப்பேன், அவள் தீர்ப்புச் சொல்வாள். வரி வரியாகப் பதினான்கு மாதத்தில் ஒன்பதாவது புத்தகத்தை முடித்தோம். பேய்க்கதை இல்லை, அவள் நோயின் கதை.

அறையில் கட்டில் இல்லை. வாடகைக் கடைக்காரர் எடுத்துப் போய்விட்டார். தரையில் நான்கு துருக்கறைகள் மட்டும் இருந்தன. பினாயிலால் எத்தனை முறை துடைத்தாலும் போகாத மருந்து நெடி அப்படியே இருந்தது. மின்விசிறியைப் போட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

நாற்பது பக்கம் தொல்லையில்லாமல் போயிற்று. நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அன்று காலை தலை வலித்ததை அக்கா யாரிடமும் சொல்லவில்லை."

டங். டங்.

மாடி வீட்டில் எதையோ போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். அது மெல்ல மெல்லச் சுற்றி அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி அதே வரியைப் படித்தேன்.

டங். டங்.

இரும்பில் மோதிரம் படுகிற சத்தம். மின்விசிறியை விட்டால் அந்த அறையில் இரும்பே கிடையாது.

சத்தம் வந்தது நான்கு துருக்கறைகளுக்கு நடுவிலிருந்து.

அவள் உயிரோடு இருந்தபோதும் இதே வரிக்கு இரண்டு முறைதான் தட்டினாள். "சரிக்கா, எடுத்துடறேன்" என்றேன். எடுக்கவில்லை. படுத்துக் கிடப்பவளுக்கு அச்சில் வந்தது எப்படித் தெரியும் என்கிற தைரியம். என்ன பிறவி நான்.

அந்த வரி பொய். அவள் சொன்னாள். என்னிடம் சொன்னாள். காலை ஏழு மணிக்கு, இதே மேசையில், "தலை பிளக்குதுடா, கை வேற மரத்துப்போகுது, ஆஸ்பத்திரிக்குப் போலாமா" என்று கேட்டாள். "இந்த அத்தியாயம் முடியட்டும்கா" என்றேன். அத்தியாயம் முடிந்தபோது மதியம் இரண்டு மணி. அவள் நாற்காலியிலிருந்து சரிந்திருந்தாள்.

பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்தேன்.

"காலை ஏழு மணிக்கே அக்கா என்னிடம் சொன்னாள். நான்தான் அத்தியாயம் முடியட்டும் என்றேன்."

பின்னால் தம்ளர் உரசுகிற சத்தம். அத்தான் வாசலில் தேநீரோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீ எங்கிட்ட சொல்லலயே குள்ளா" என்றார். சத்தமே போடவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தப்பு அத்தான். பயந்துட்டேன்."

நான் துருக்கறைகளின் பக்கம் திரும்பி, அந்த ஒற்றைத் தட்டுக்காகக் காத்திருந்தேன். உண்மையை எழுதிவிட்டேன், இனி என்ன.

டங்.

மூச்சு வந்தது.

டங்.

அத்தானும் துருக்கறைகளின் பக்கம் திரும்பினார்.

இது போதாது என்கிறாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது அவளுக்குத் தெரியவே முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் நினைவில்லாமல் கிடந்தாள். எப்போது ஆரம்பித்தது, சரியான மணி சொல்லுங்கள், அதை வைத்துத்தான் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடலாமா என்று முடிவு செய்வோம் என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். ஏழு மணி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "இப்பத்தான், அரை மணி நேரம் இருக்கும்" என்றேன். நம்பி ஊசியைப் போட்டார்கள். தாமதமாக வந்தவர்களுக்கு அதைப் போடக் கூடாதாம். சாயங்காலம் தலைக்குள் ரத்தம் கசிந்தது, அத்தோடு அவள் பேச்சு போனது. இதை நான் எழுதவில்லை. எங்கேயும், யாரிடமும், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பேனாவை மூடினேன். "போதும்கா" என்று முணுமுணுத்தேன்.

அறை சில்லென்று ஆனது. மருந்து நெடி முகத்துக்கு வெகு அருகில் வந்தது.

தட்டவில்லை.

பதினைந்து மாதத்துக்கு மேல் நான் கேட்காத குரல், தெள்ளத் தெளிவாக, துளிக் கோபம் இல்லாமல் கேட்டது.

"டாக்டர்கிட்ட எத்தனை மணின்னு சொன்ன, குள்ளா?"

நான் அத்தானைப் பார்த்தேன். என் காதில் மட்டும் விழுந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், அவள் படுத்திருந்த மாதமெல்லாம் அவர் உட்கார்ந்த இடத்தில், தரையில் உட்கார்ந்தார். அவர் கண் என் மேல் இல்லை.

"அவ கேக்குறால்ல" என்றார். "சொல்லு."