வெறுங் கரியரும் மணல் மூலையும்

பிறின்சிக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்று சொன்னால் அந்த ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவளுக்கு வயது பன்னிரண்டுதான். ஆனாலும் அவள் சைக்கிளில் ஏற்றாத சாமான் இல்லை.

விடியற்காலையில் அப்பா அந்தோனிமுத்து அவளை முன்பாரில் இருத்தி நாயாற்றுக் களப்புக்குக் கூட்டிப் போவார். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுவார். பெட்டி நிரம்பியதும் அதைக் கரியரில் கட்டிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். பிறின்சி மணல் பாதையால் மிதித்துக்கொண்டுபோய்ச் சந்தியில் அம்மாவிடம் கொடுப்பாள். அம்மா றோஸ்மேரி அங்கே மீன் விற்பவர். பெட்டியை இறக்கினால் கரியரில் தண்ணீர்க் கான் ஏறும். கானை இறக்கினால் விறகு ஏறும்.

பெட்டி பாரம். அது பின்னுக்கு இழுக்க, முன்சில்லு நிலத்தைவிட்டு எழும்பப் பார்க்கும். அதனால் பிறின்சி சீற்றின் நுனியில் குந்தி, நெஞ்சை ஹாண்டிலுக்கு மேலே சாய்த்து, கைகளை இறுக்கிக்கொண்டு மிதிப்பாள். அப்படித்தான் பழகினாள். அப்படித்தான் சைக்கிள் ஓடுவது என்று நினைத்திருந்தாள்.

அந்தச் சைக்கிளின் பின்ரயர்தான் வில்லங்கம். தேய்ந்து வெடித்துப்போன ரயர். உள்ளே இன்னொரு பழைய ரயர்த் துண்டை வைத்து, வெளியே ரியூப் நாடாவால் சுற்றிக் கட்டியிருந்தார் அப்பா. ஒருநாள் அது பாதி வழியில் படீரென்று போய்விட்டது. பிறின்சி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்திக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. மீனும் பழுதாகிவிட்டது. அன்றைக்கு வீட்டில் சோறும் சம்பலும்தான்.

புது ரயர் வாங்கலாமே என்று கேட்பீர்கள். எங்கே வாங்குவது? தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது. சண்டையால் பாதை அடைபட்டிருந்தது. வவுனியாவுக்கு அங்கால் இருந்து ரயர், பற்றரி, சவர்க்காரம் ஒன்றும் ஒழுங்காக வராத காலம்.

அப்படி இருக்கும்போதுதான் சனசமூக நிலையத்தின் கதவுக்கு மேலே ஒரு புது ரயரும் ரியூபும் தொங்கின. கீழே ஓர் அறிவித்தல். சித்திரை வருடப்பிறப்புக்குச் சைக்கிள் ஓட்டம். பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட ஆண் பெண் எல்லாரும் ஓடலாம். பள்ளிக்கூடத் திடலைச் சுற்றி ஆறு சுற்று. முதல் பரிசு, அந்த ரயரும் ரியூபும்.

பிறின்சி எம்பி ரயரைத் தொட்டுப் பார்த்தாள். அவர்களுடைய சில்லின் அளவுதான்.

"அப்பா, நான் ஓடப் போறன்," என்றாள்.

"பரிசு எண்டு தொங்கவிடுவினம்," என்றார் அப்பா. "கடைசியில அது ஆரோ ஒருத்தரின்ர மருமகன்ர சைக்கிளில கிடக்கும். கையில வந்தாப் பிறகு சொல்லு."

"கையில வரும், அப்பா."

"சரி, ஓடு. ஆனா விழுந்து ஹாண்டிலை முறிச்சுப்போடாத. அது ஒண்டுதான் இன்னும் ஒழுங்கா இருக்கு."

பழகிப் பார்ப்பதற்கு மூன்று சனிக்கிழமைகள் கொடுத்தார்கள். முதல் சனிக்கிழமை பிறின்சி மீன் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத் திடலுக்குப் போனாள். கரியர் வெறுமையாக இருந்தது. அவளுக்கு ஏதோ சட்டை போடாமல் வந்ததுபோல இருந்தது.

திடலில் நான்கு மூலை. மூன்று மூலையும் இறுகிய தரை. வேலிக் கதவுக்குப் பக்கத்து மூலை மட்டும் புழுதி மணல்.

முதல் மூலையில் சைக்கிள் தள்ளாடியது. இரண்டாவதிலும் தள்ளாடியது. மணல் மூலையில் முன்சில்லு புதைந்து நின்றுவிட்டது. பிறின்சி மட்டும் நிற்கவில்லை. ஹாண்டிலுக்கு மேலால் போய் விழுந்தாள்.

எழும்பி மறுபடி போனாள். மறுபடி விழுந்தாள். ஐந்து தரம் போனாள். ஐந்து தரமும் அதே இடத்தில் விழுந்தாள்.

"மண் என்ன ருசி?" என்று கேட்டான் பிரதாபன். அவளுடைய வகுப்புப் பையன். தகப்பனுக்கு வயல் இருக்கிறது. நேர் ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை.

"நீயும் விழுந்து பார். தெரியும்," என்றாள் பிறின்சி.

ஓட்டத்தை நடத்துகிற செல்வராசா மாஸ்டர் விசிலைக் கையில் சுழற்றிக்கொண்டு வந்தார். "வேகம் காணாது பிள்ளை. இன்னும் முன்னுக்குக் குனிஞ்சு மிதி."

குனிந்து மிதித்தாள். முன்னைவிடத் தூரத்தில் போய் விழுந்தாள்.

சைக்கிள் திருத்துகிற மெல்ரொன் அண்ணை வேலிக்கு அங்கால் நின்று சொன்னார். "வளைவுக்குள்ள வந்த உடனே பிறேக்கை இறுக்கிப் பிடி."

அந்தச் சைக்கிளுக்கு முன்பிறேக் மட்டும்தான். பிடித்தாள். இந்த முறை முழங்கை தேய்ந்தது.

வீட்டில் அம்மா காயத்துக்கு மருந்து பூசிக்கொண்டு, "மெதுவாப் போ பிள்ளை. ஏன் அவசரம்?" என்றார்.

"ஓட்டம் அம்மா. மெதுவாப் போனா அது ஓட்டமே?"

மூன்று பேர், மூன்று கதை. மூன்று பேரில் ஒருவர்கூட அந்த மூலையால் ஒரு தரமாவது சைக்கிள் ஓடிப் பார்த்தவர் இல்லை.

திங்கட்கிழமை காலை பிறின்சி மீன் பெட்டியோடு மணல் பாதையால் வந்தாள். அங்கே திடலைவிட மோசமான மணல். அவள் விழவில்லை. தள்ளாடவும் இல்லை. சந்திக்கு வந்து இறங்கியதும் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன தேடுறாய்?" என்று கேட்டார் அம்மா.

"தெரியேல்லை அம்மா. அதே சைக்கிள். அதே நான். இஞ்ச ஓடுது, அங்க விழுத்துது."

"சைக்கிளுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கேல்லையோ என்னவோ," என்றார் அம்மா.

இரண்டாவது சனிக்கிழமை பிரதாபன் மிகவும் வேகமாக வந்தான். வந்த வேகத்தில் மணல் மூலையில் அவனும் விழுந்தான். அவனுக்குக் கணுக்கால் புரண்டு சுளுக்கிவிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு காலைப் பிடித்தபடி இருந்தான். அவனுடைய சைக்கிளின் ஹாண்டிலும் ஒரு பக்கம் திரும்பிவிட்டது.

பிறின்சிக்கு அவனிடம் மண்ணின் ருசி கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவனுடைய கண்ணில் தண்ணீர் நின்றது. கேட்கவில்லை.

"ஏறு கரியரில. வீட்டை கொண்டுபோய் விடுறன்."

"நீயோ? நீ என்ர மற்றக் காலையும் முறிச்சுப்போடுவாய்."

"அப்ப நடந்து போ."

அவன் ஏறினான். திடலின் நடுவே பெரிய பையன்கள் கரப்பந்து வலைக்கம்பம் நட்டுக்கொண்டு நின்றதால் நேரே போக வழி இல்லை. முழுச் சுற்றும் சுற்றி மணல் மூலையால்தான் வெளியே போக வேண்டியிருந்தது. பிரதாபன் சீற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

சைக்கிள் மணல் மூலையில் வளைந்து கதவால் வெளியேறியது.

"மூலை வரப்போகுது. சொல்லிப்போட்டு விழு," என்றான் பிரதாபன். அவன் கண்ணை மூடியிருந்தான்.

"மூலை முடிஞ்சுது."

"எந்த மூலை?"

"உன்னை விழுத்தின மூலை."

அவன் கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தான். பிறின்சியும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அவனை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, வெறுங் கரியரோடு அதே மூலையில் வளைந்தாள். விழுந்தாள்.

மண்ணில் இருந்தபடியே யோசித்தாள். பிரதாபன் இருந்தால் விழவில்லை. மீன் பெட்டி இருந்தாலும் விழவில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் விழுகிறாள். அப்படியானால் பெட்டியோடு ஓடினால் என்ன?

"மாஸ்டர், மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஓடலாமோ?"

செல்வராசா மாஸ்டர் அவளுடைய தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தார். "ஓடக்கூடாது எண்டு சட்டம் இல்லை. ஆனா ஆறாம் சுற்று முடிக்க நீ பொங்கலுக்குத்தான் வருவாய்."

எல்லாரும் போன பிறகு பிறின்சி ஒரு சாக்கில் மண் அள்ளிக் கரியரில் கட்டினாள். மூலையால் போனாள். விழவில்லை. மாஸ்டர் சொன்னது சரி, ஆமை வேகம்தான். சாக்கை அவிழ்த்துவிட்டுப் போனாள். விழுந்தாள்.

இந்த முறை எழும்பியவள் சைக்கிளைத் தூக்கவில்லை. மணலைப் பார்த்தாள்.

இரண்டு தடமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சாக்கோடு போன தடத்தில் பின்சில்லு ஆழமாகப் பதிந்திருந்தது. முன்சில்லு மேலாகப் போயிருந்தது. சாக்கு இல்லாத தடத்தில் முன்சில்லு ஏர் உழுததுபோல மணலைக் கிழித்துக்கொண்டு போய்ப் புதைந்திருந்தது.

சைக்கிளை நிமிர்த்தி ஏறி, காலை ஊன்றிக்கொண்டு தன்னைத்தானே பார்த்தாள். சீற்றின் நுனியில் இருந்தாள். நெஞ்சு ஹாண்டிலுக்கு மேலே. பின்னுக்கு இழுக்கப் பெட்டி இல்லை. ஆனாலும் பெட்டி இருப்பதுபோலவே முன்னுக்குச் சாய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய பாரம் முழுக்க முன்சில்லில் கிடந்தது.

"பெட்டி இல்லாட்டி நான்தானே பின்னுக்குப் போகவேணும்," என்றாள். கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

மூலைக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள். மிதிப்பதை நிறுத்திச் சீற்றில் பின்னுக்குத் தள்ளி இருந்தாள். கையை இளக்கினாள். சில்லைப் பார்க்காமல், மூலை முடிகிற இடத்தைப் பார்த்தாள். சைக்கிள் கொஞ்சம் நெளிந்தது. பிறகு தன்பாட்டில் வளைந்து வெளியே வந்தது.

சரியாகத்தான் வந்ததோ, தற்செயலோ என்று அவளுக்குச் சந்தேகம். இருட்ட முதல் இருபது தரம் போனாள். இரண்டு தரம்தான் விழுந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை பிரதாபன் நொண்டிக்கொண்டு வந்து பார்த்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. அவள் விழவில்லை.

"என்னெண்டு?" என்று கேட்டான்.

பிறின்சி கதவுக்கு மேலே தொங்கும் ரயரை நினைத்தாள். ரயர் ஒன்றுதான் இருக்கிறது. சொன்னால் அது அவனுடைய சைக்கிளுக்குப் போகலாம். ஆனால் சொல்லாவிட்டால் அவன் மறுபடி விழுவான். அந்தக் கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

"மூலைக்கு முதலே மெதுவாக்கு. பின்னுக்குத் தள்ளி இரு. முன்னுக்குச் சாயாத."

பிரதாபன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "மாஸ்டர் முன்னுக்குக் குனி எண்டுறார். நீ பின்னுக்கு எண்டுறாய். என்னைப் பேய்க்காட்டுறியோ?"

"நம்பாட்டிப் போ."

அவன் நம்பவில்லை. போட்டியில் எதிராளி சொன்ன புத்தியை யார்தான் நம்புவார்கள்?

வருடப்பிறப்பு அன்று ஒன்பது பேர் ஓடினார்கள். முதல் சுற்றிலேயே மணல் மூலையில் மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். பிரதாபன் முன்னுக்குப் போனான். நேர் ஓட்டத்தில் அவன் தள்ளிப் போவான். மூலையில் அவன் தடுமாற, பிறின்சி கிட்ட வருவாள். அடுத்த நேர் ஓட்டத்தில் மறுபடி தள்ளிப் போய்விடுவான்.

நாலாம் சுற்றோ ஐந்தாம் சுற்றோ, மணல் மூலையில் அவன் சரியாக அவளுக்கு முன்னால் விழுந்தான். பிறின்சி விலகி, பின்னுக்குத் தள்ளி இருந்து வளைந்து போனாள். போகும்போது கால் எப்படி என்று திரும்பிப் பார்த்தாள். அவன் எழும்பிவிட்டான்.

ஆனால் அந்தப் பார்வையோடு எண்ணிக்கை போய்விட்டது. இது நாலாவதோ, ஐந்தாவதோ?

"எத்தினையாவது?" என்று சனத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நாலு," என்றது ஒரு பக்கம். "ஐஞ்சு," என்றது மற்றப் பக்கம். மெல்ரொன் அண்ணை ஏழு என்றார். மாஸ்டர் விசிலை ஊதினார். அது எந்தக் கணக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. முடிவுக் கோட்டில் கயிறு பிடிக்க வேண்டிய இருவரும் கயிற்றை யார் கொண்டுபோனது என்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

யாரையும் நம்பி நிற்க முடியாது என்று பிறின்சிக்குத் தெரிந்துவிட்டது. கேட்டுக்கொண்டு நிற்பதைவிட மிதிப்பது நல்லது. மிதித்தாள். எண்ணாமலே சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் சனம் பெரிதாகக் கத்தியது. கெதியாகப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னும் மிதித்தாள். கோட்டைக் கடந்தாள். கத்தல் கூடியது. இன்னும் கெதியாகப் போனாள். ஒவ்வொரு மூலையிலும் வேகம் குறைத்து, தள்ளி இருந்து, கை இளக்கி வந்தாள். திரும்பிக் கோட்டடிக்கு வந்தபோது அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாதையின் நடுவே நின்றார். அதற்குப் பிறகுதான் நின்றாள்.

"ஆர் அம்மா முதலாவது?" மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

பிரதாபன் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான். தலை முழுக்க மண். கடைசிச் சுற்றில் அவனும் பின்னுக்குத் தள்ளித்தான் இருந்தான். அதனால் இரண்டாவதாக வந்துவிட்டான். அதை அவன் பிறகு ஒருநாள்தான் ஒத்துக்கொண்டான்.

"ஆறாவது சுற்றிலயும் நீதான் முதலாவது," என்றான். "ஏழாவது சுற்றிலயும் நீதான் முதலாவது. அதில வேற ஒருத்தரும் ஓடேல்லை."

மாஸ்டர் ரயரைக் கொண்டுவந்து அவளுடைய கழுத்தில் போட்டார். அது புதுச் சப்பாத்துப்போல மணந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி, உள்ளும் புறமும் தடவிப் பார்த்து, எங்கேயும் வெடிப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் சிரித்தார்.

அடுத்த நாள் காலை சந்தியில் அம்மா பெட்டியைத் திறந்தபோது, மேலே கிடந்த மீன் இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது.