சம்பந்திகளின் பொதுக்கணக்கு

வளையராணி என்ற விண்கப்பலின் ஆறாவது தளத்தில் மாலைச் சிற்றுண்டி முடிந்த நேரம். ஒருவர் தன் காதைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு, அதை ஒட்டித் தரும் ஒட்டறைப் பக்கம் நடந்துபோனார். எதிரே வந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே வழிவிட்டார்கள். பயணத்தின் கடைசி மாலையில் அந்தக் கப்பலில் இதெல்லாம் சகஜம். தீர்வரங்கத்துக்குள் யாருக்கோ எலும்பு முறிந்தது. வாசலில் பிள்ளைகள் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள்.

தணிகாசலம் கையில் இருந்த பஜ்ஜியைக் கடிக்காமலே தட்டில் திருப்பி வைத்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் முறை வந்துவிடும்.

எல்லாம் கப்பலில் ஏறிய அன்று வந்த வினை. மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, மாப்பிள்ளை இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் சனிக்கோளின் வளையங்களைச் சுற்றிவரப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தான். சீட்டோடு கிடைப்பது அறையும் காற்றும்தான். தின்பது, குடிப்பது, எடையற்ற குளத்தில் மிதப்பது, வளையத்துப் பனிக்கட்டி போட்ட சர்பத் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. நுழைவாயிலில் கணக்காளி என்கிற இயந்திரம் நின்று, அந்தக் காசை எப்படிக் கொடுக்கப்போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டது. முன்பணம் கட்டலாம். அவரவர் மணிக்கட்டுச் சில்லிலிருந்து அன்றன்றைக்கே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். பல பேர் சேர்ந்து பொதுக்கணக்கு வைத்துக் கடைசி நாளில் ஒருவர் மொத்தமாகக் கொடுக்கலாம்.

தணிகாசலம் சில்லு பொதிந்த இடது மணிக்கட்டை நீட்டப் போனார். பின்னால் நின்ற சம்பந்தி நாகலிங்கம் தோளில் கைபோட்டார்.

"என்ன சம்பந்தி, நமக்குள்ள இனிமே என்ன தனிக்கணக்கு? யாராவது பாத்தா சிரிக்க மாட்டாங்க?"

"அதானே. நானே அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றது தணிகாசலத்தின் வாய். அது எப்போதும் அவரைக் கேட்காமலே பேசிவிடும்.

மகளும் மாப்பிள்ளையும் புருஷன் பெண்டாட்டி என்றுகூடப் பார்க்காமல் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு, கவலையில்லாமல் குளத்துக்கு மிதக்கப் போனார்கள். பெரியவர்கள் இருவரும் பயணம் முழுக்க ஒருவரையொருவர் வற்புறுத்தித் தின்ன வைத்தார்கள். வேண்டாம் என்ற பண்டத்தை எல்லாம் இரண்டு தட்டாக வரவழைத்தார்கள்.

பொதுக்கணக்கை யார் தீர்ப்பது என்று முடிவு செய்யத்தான் தீர்வரங்கம். மனிதர்கள் நடத்திய கப்பல் நிறுவனங்கள் எல்லாம் படுத்துவிட்ட பிறகு இயந்திரங்களே இந்தத் தொழிலை எடுத்து நடத்துகின்றன. மனிதர்கள் எப்படிக் காசு கொடுக்கிறார்கள் என்று அறிய அவை பூமியின் பழைய உணவகங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தன. கல்லாவின் முன்னால் இருவர் கட்டிப் புரண்டார்கள். ஒருவர் கையை ஒருவர் முறுக்கினார்கள். பலசாலி மற்றவரை முழங்கையால் தள்ளிவிட்டுக் காசைக் கொடுத்தார்; கொடுத்ததும் முகம் மலர்ந்தது. தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியேறினார். ஆயிரமாயிரம் படங்களிலும் இதே கதை. பணம் கொடுப்பது மனிதர்கள் அடித்துப் பிடித்துப் பெறும் உரிமை என்று இயந்திரங்கள் குறித்துக்கொண்டன. வெறும் தள்ளுமுள்ளால் வரிசை தேங்குகிறது என்பதால் ஆயுதங்களும் கொடுத்தன. வெட்டுண்ட உறுப்பைத் தசைப்பசை தடவி ஒட்டிவிட ஒட்டறையும் கட்டின. தலைக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.

ஜெயித்தவர் கொடுப்பார், எழ முடியாமல் விழுந்தவர் தப்பிப்பார் என்பதுதான் சட்டம். அந்தச் சண்டை எல்லாம் சும்மா ஒப்புக்கு என்பது கப்பலில் இருந்த ஒவ்வொரு மனிதருக்கும் தெரியும். இயந்திரங்களிடம் சொன்னால் அவை தீர்வரங்கத்தை மூடிவிடும். சொல்வதென்றால் கூட வந்தவர் காதுபடச் சொல்ல வேண்டும், அதனால் யாரும் சொல்லவில்லை. நண்பர்கள் மோதினால் பல் போகும், மச்சான்கள் மோதினால் விலா போகும். சம்பந்திகள் என்று பெயர் வந்தாலே ஒட்டறையில் இரண்டு கட்டிலைத் தயாராக விரித்துவிடுவார்கள்.

அறையில் தணிகாசலத்துக்கு அவர் மனைவி உமையாள் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். நடுவில் இருமல் வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். செவ்வாயில் அவர்கள் குடியிருப்பது கீழ்ச்சுரங்கம். மேல்தட்டுக்காரர்கள் விட்ட மூச்சைச் சலித்துத்தான் அங்கே அனுப்புவார்கள், அது அவள் நெஞ்சைத் தின்றுகொண்டிருந்தது. மேல்தட்டில் நல்ல காற்றுக்கு உரிமை தரும் ஒரு மூச்சுப்பங்கு வாங்கத் தணிகாசலம் கல்யாணச் செலவுக்கும் தொடாமல் கட்டிக்காத்த பணம்தான் அவர் சில்லில் இருந்தது. பங்கு வாங்க அதற்கு மேல் ஒரு காசு வேண்டாம், ஒரு காசு குறையவும் கூடாது. இந்தப் பொதுக்கணக்கு மொத்தத்தையும் தின்றுவிடும்.

"தோத்துட்டு வாங்க" என்றாள் உமையாள். "ஆனா பொசுக்குனு விழுந்துடாதீங்க. நாளைக்கு அவங்க வீட்ல நம்ம பொண்ணு தலைநிமிந்து நடக்கணும். கொஞ்சமாச்சும் ரத்தம் வரணும்."

"எவ்வளவு வரணும்?"

"பாக்கறவங்களுக்குப் பாவமா இருக்கணும். எனக்குப் பயமா இருக்கக் கூடாது." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

அரங்கத்து மணல் ஏற்கெனவே சிவந்து கிடந்தது. தணிகாசலம் இரும்புத் தடியை எடுத்துக்கொண்டார், நாகலிங்கம் கைக்கோடரியை. கணக்காளி இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

"உங்களில் எவருக்கேனும் பணம் கொடுக்க விருப்பமில்லையா? விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் போதும். சண்டை இல்லை. மற்றவர் கொடுத்துவிடலாம்."

தணிகாசலம் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி தணிகாசலத்தைப் பார்த்தார். ஒரு வாக்கியம்தான், இருவர் நாக்கிலும் வராமல் அடம்பிடித்தது.

"நான்தான் குடுப்பேன்" என்றார் நாகலிங்கம்.

"அது எப்படி? நான் இருக்கும்போது நீங்க குடுக்கறதா?" என்று தடியை ஓங்கினார் தணிகாசலம்.

முதல் அடி நாகலிங்கத்தின் தோளில் விழுந்தது. காறை எலும்பு மளுக்கென்றது. அந்த ஒரே அடியில் நாகலிங்கம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. தணிகாசலம் நம்பவில்லை. கல்யாணத்தில் தண்ணீர்த் தொட்டியை ஒற்றை ஆளாக நகர்த்திய மனுஷன் இவர். குனிந்து பார்த்தார். இமை துடித்தது.

"எந்திரிங்க சம்பந்தி. நல்லாவா இருக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"உங்க கைக்கு யாரு ஈடு? நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றார் நாகலிங்கம், கண்ணைத் திறக்காமல்.

தணிகாசலம் அவர் விலாவில் எட்டி உதைத்தார். ஒருமுறை, இருமுறை, விலா உள்ளே போகும்வரை. நாகலிங்கம் அலறிக்கொண்டு எழுந்தார். விழுந்து கிடந்த கோடரியைத் தணிகாசலமே எடுத்து அவர் கையில் திணித்து, தன் இடது கையை வாகாக நீட்டினார். தப்பிக்க வழியில்லாமல் நாகலிங்கம் வீசினார். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி வெட்டு விழுந்தது. கை தனியே துள்ளி மணலில் போய்க் கிடந்தது.

அவ்வளவு வலி இருக்கும் என்று தணிகாசலம் நினைத்திருக்கவில்லை. வாய்விட்டு அழுதார். ஆனாலும் உள்ளுக்குள் நிம்மதி. ரத்தம் வேண்டிய மட்டும் வந்துவிட்டது. இனி விழலாம் என்று விழுந்தார்.

நாகலிங்கம் விடுவாரா? வெட்டுவாயிலேயே ஏறி மிதித்தார். "எந்திரிங்கன்னா எந்திரிங்க. என்னைய மட்டும் எழுப்பிவிட்டீங்கள்ல?"

தணிகாசலத்துக்குக் கண் இருட்டியது. அந்த மிதியில்தான் ஒப்புக்குச் சண்டை நின்று நிஜச் சண்டை பிறந்தது. அவர் எழுந்து தடியை நாகலிங்கத்தின் முழங்காலில் இறக்கினார். "எங்க பொண்ண நீங்க நடத்துற நடத்தைக்கு இது" என்றார். "எங்க சனத்தைக் கடைசிப் பந்தியில உக்கார வச்சதுக்கு இது" என்று நாகலிங்கம் கோடரியின் பின்புறத்தால் தாடையைப் பெயர்த்தார். கல்யாண வற்றல்குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னதற்கு நாகலிங்கத்துக்கு மூன்று பல் போனது. சீர்வரிசையில் ஒரு குடம் ஓட்டை என்பதற்குத் தணிகாசலத்தின் மூக்கு உடைந்தது. கூட்டத்தில் உமையாள் "போதுங்க, போதும்" என்று கத்திக்கொண்டே இருமினாள். கடைசியில் இருவரும் ஒருவர் தலையை ஒருவர் பிடித்து மோதி, ஒரே நொடியில் மணலில் சாய்ந்தார்கள். இந்த முறை யாரும் நடிக்கவில்லை. யாராலும் எழ முடியவில்லை.

கணக்காளி இருவரையும் குனிந்து பார்த்தது. பிறகு அதன் குரல் கனிந்து ஒலித்தது.

"பணம் கொடுக்க இவ்வளவு ஆசையோடு போராடியவர்களை நான் கண்டதில்லை. ஒருவருக்கு உரிமை கொடுத்து மற்றவரை வருந்த விட மனம் வரவில்லை. பாதியாகப் பிரித்தால் இருவருக்கும் அது குறை. ஆகவே முழுத் தொகையையும் இருவருமே கொடுக்கலாம்."

மணலில் தனியே கிடந்த தணிகாசலத்தின் கை விரலை ஒருமுறை சொடுக்கியது. மணிக்கட்டில் பச்சை விளக்கு மினுங்கி, பணம் போய்ச் சேர்ந்ததற்கு நன்றி சொன்னது.

ஒட்டறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். தணிகாசலத்தின் கை திரும்பவும் உடம்போடு சேர்ந்திருந்தது. உமையாள் அந்த விரல்களைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. நெஞ்சிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, கீழ்ச்சுரங்கத்துக் காற்றுக்குத்தான் அவளை மறுபடி கூட்டிக்கொண்டு போகப்போகிறார்.

கணக்காளி உள்ளே வந்தது. "ஒட்டிய செலவு ஒன்று இருக்கிறது. இதுவும் பொதுக்கணக்கில்தான் வரும். இதைக் கொடுக்கப்போவது யார்?"

நாகலிங்கம் வீங்கிய வாயை அசைத்து, பழக்கத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். தணிகாசலம் முந்திக்கொண்டார். அறுபது வயதில் முதன்முறையாக, இன்னொருவர் காதுபட, வெட்கத்தை விட்டுச் சொன்னார்.

"என்கிட்ட பணம் இல்லை."

சொன்னதும் உடம்பே லேசானது. ஏன் இதை நுழைவாயிலிலேயே சொல்லவில்லை என்று தன் மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

பக்கத்துக் கட்டிலில் நாகலிங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன சம்பந்தி இப்படிச் சொல்லிட்டீங்க? நாங்க நாளப்பின்ன கைமாத்து கேட்டுடுவோமோன்னு இப்பவே சொல்லி வைக்கிறீங்களா? அந்த அளவுக்கு நாங்க போகலைங்க."

"இல்லைங்க, நெசமாவே இல்லை" என்றாள் உமையாள், தலையை நிமிர்த்தி.

கணக்காளி புன்னகை போல ஒரு விளக்கை எரித்தது. "இதையும் பழைய படங்களில் ஆராய்ந்திருக்கிறோம். கடன் கேட்டு வந்தவரிடமும், நன்கொடை கேட்டு வந்தவரிடமும், வாசலில் பசி என்று நின்றவரிடமும் பணம் இல்லை என்று சொன்னவர்கள் அனைவரிடமும் பணம் இருந்தது. அருகில் நின்ற மனைவியும் அதையேதான் சொன்னாள். நான் கொடுக்கிறேன் என்று முந்தியவர்களிடம்தான் பல நேரம் இருக்கவில்லை. உங்கள் அடக்கம் புரிகிறது ஐயா."

பிறகு அது இரும்புத் தடியைத் துடைத்து, புதிதாக ஒட்டிய அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டது.