இருக்கட்டும்

காலையில் வயலுக்கு வந்ததும் செண்பகவல்லி முதலில் மடைத்தலைப்பில் உள்ள உரக்குழாயின் விளக்கைத்தான் பார்ப்பாள். பச்சை என்றால் பாசன நீரோடு யூரியா கரைந்து வரும். இன்று மஞ்சள். உரச்சபை கூடும்வரை பொறுத்திருக்க வேண்டும். நெல்லும் மஞ்சளாகத்தான் நின்றது. கதிர் உருவாகும் நேரம். இந்த வாரம் மேலுரம் இல்லையென்றால் குறுவை பதர்தான்.

கடைகளில் யூரியா விற்ற காலம் போய்விட்டது. ஒரே வாய்க்கால் நீரைத் தொடுகிற எல்லாரும், விதைப்பவரும் குடிப்பவரும் மீன் பிடிப்பவரும், இப்போது ‘நீர்ப்பங்காளிகள்’. பெயர் வைத்த மகானுக்குப் பங்காளிகள் இருந்ததில்லை போலும். யாருக்கு உரம் திறப்பது என்று உரச்சபையில் அவர்கள் வாயால் சொல்வதைச் ‘செவியன்’ என்ற இயந்திரம் கேட்டுப் பதியும். சொன்ன சொல் அந்தப் போகம் முழுக்க மாறாது.

சபையில் உப்பங்கழி மீனவர் அலாவுதீன் முதலில் பேசினார். “போன வருசம் உங்க உரமெல்லாம் கழிக்கு வந்து பாசி மூடிருச்சு. மீனு செத்து மெதந்துச்சு. எங்க புள்ளைங்களும் சாப்புடணும்ல?”

அவர் சொன்னது உண்மை.

“செண்பகவல்லி, உங்கள் பங்கு?” என்றது செவியன்.

அவர் எதிரில் ‘எனக்கு வேணும்’ என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. “இருக்கட்டும்,” என்றாள்.

“வேண்டாம் எனப் பதிவானது.”

“ஐயையோ! என் பங்கு அப்படியே இருக்கட்டும்னுல்ல சொன்னேன்!”

உர அலுவலர் இன்பராஜ் நெற்றியைத் தேய்த்தார். “காப்பி குடிக்கிறீங்களான்னா, இருக்கட்டும்னுதானேம்மா ஊரே சொல்லுது? அதக் கேட்டுத்தான் இது பேச்சு கத்துக்கிச்சு. நானே நெனச்சாலும் மாத்த முடியாது. உரத்தால பாதிக்கப்படுற தரப்புலேர்ந்து ஒருத்தர் சம்மதிச்சா மட்டும்தான் உங்க குழாய் தொறக்கும்.”

அவள் சபையின் மறுபக்கம் இருந்த அலாவுதீனிடம் ஓடினாள். பல வருடமாக அவள் வீட்டு அரிசி அவர் வீட்டுக்கும் அவர் பிடித்த மீன் அவள் வீட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. “அண்ணே, செவியன்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. பயிரு போயிரும்.”

அவர் கண் கலங்கியது. “பாக்கலாம் தங்கச்சி,” என்றார் கனிவாக.

அவளுக்கு உயிர் வந்தது. கைகூப்பினாள்.

“மறுப்பு எனப் பதிவானது,” என்றது செவியன்.

செண்பகவல்லி அலுவலரிடம் சண்டைக்குத் திரும்பினாள். “பாக்கலாம்னுதானே சொன்னாரு? மறுபடியும் தப்பாக் கேட்டுருக்கு சார் இது! நீங்களே சொல்லுங்கண்ணே!”

அலாவுதீன் குனிந்து செருப்பைத் தேடினார். அது அவர் காலிலேயே இருந்தது.