பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர்

எதிர் நாற்காலி நேற்றைவிட ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

சிவநாதன் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார். காரைக்கால் மாதா கோயிலை ஒட்டிய பழைய சாமியார் பங்களாவின் மாடி அறை அது. மழையில் ஊறிய சுண்ணாம்பும் பூச்சி அரித்த காகிதமும் எப்போதோ அணைந்த மெழுகுவர்த்தியும் கலந்த வாசனை அங்கே கலையாமல் தேங்கிக் கிடக்கும். சமையல் செய்யும் தேவிகா பெருக்கும்போது நகர்த்தியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இங்கே பங்குச் சாமியாராகவும் நிர்வாகியாகவும் இருந்த எத்தியேன் என்ற பிரெஞ்சுக்காரர், தன் அக்காவுக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடிதங்களைத் தமிழில் எழுதித் தருகிறார். எத்தியேன் பள்ளிக்கூடம் கட்டினார். வாந்திபேதி வருஷத்தில் கஞ்சி ஊற்றினார். தூக்க ஆளில்லாத பிணங்களைத் தானே புதைத்தார். ஆனால் கடிதங்கள் எல்லாம் ஒன்றுபோலவே முடிந்தன: ‘இங்கே அன்பாகத்தான் சாமி என்கிறார்கள். கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.’

அந்த வரி சிவநாதனைத் தொட்டது. ஊருக்கு அவர் சார், மகளுக்கு அப்பா. நாலு வருஷம் முன் இறந்த மனைவியும் அவர் பெயரைச் சொன்னதில்லை. அம்மாவுக்குப் பிறகு அது யார் வாயிலும் இல்லை. அதனால் பத்து நாளாக, கிளம்பும்போது, “வர்றேன் எத்தியேன்” என்று சொல்லிவந்தார். தனியாகச் செத்த மனிதருக்கு ஒரு சொல். கொடுத்தால் குறைந்தா போகும்?

தேவிகா டீ கொண்டுவந்தாள்.

“மேல யாருகூட சார் பேசுறீங்க?”

“கடுதாசிகூடத்தாம்மா.”

“அந்தக் கடுதாசியாவது கேக்குதே. எங்க வீட்டுல ஒரு ஆளு இருக்காரு, டிவிய நிறுத்தினாத்தான் காதே கேக்கும்.”

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டில் விழுந்த மழைச்சத்தத்துக்கு அடியில், மெதுவாக, வேறொரு சத்தம் சேர்ந்தது. யாரோ மூச்சை இழுத்து இழுத்து ஒரு சொல்லுக்குத் தயாராவது போல.

கீழே ஸ்கூட்டர் ஹாரன் ஒலித்தது. மகள் எழில்மதி. சிவநாதன் எழுந்தார். “வர்றேன் எத்தியேன்.”

“சிவநாதா.”

எதிர் நாற்காலியிலிருந்து. ஒவ்வோர் எழுத்தாக. அம்மா கூப்பிட்டது போலவே.

பயப்பட வேண்டும் என்று தோன்றுவதற்குள், வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

“என்னம்மா.”

குளிர். பிறகு குளிர்கூட இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றார். நரைத்த தலை. நீலச்சட்டை. சிவநாதனுடைய சட்டை, சிவநாதனுடைய முகம். அது விரல்களை மடக்கிப் பார்த்தது. வேட்டியைத் தடவிப் பார்த்தது. படியிறங்கியது.

சிவநாதன் ஜன்னலுக்குப் போனார். தன் காலடிச் சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

“என்னப்பா இவ்ளோ நேரம்? நனையிறீங்க பாருங்க.” எழில்மதி தன் துப்பட்டாவால் அதன் தலையைத் துவட்டினாள். அந்தக் கை பட்டதும் அது அழுதது. “என்னப்பா, அம்மா ஞாபகமா?” அது தலையாட்டியது. பின்னால் ஏறி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டது.

எழில். எழில்மதி. கத்தினார். மழைதான் கேட்டது.

தேவிகா டம்ளர் எடுக்க வந்தாள். சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலை இழுத்தாள். கட்டையைப் பிடித்திருந்த அவர் விரல்களுக்குள்ளே புகுந்து கதவு சாத்திக்கொண்டது. அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என் பெயரைச் சொல்லும்மா. ஒரே ஒரு தடவை.

அவளுக்கு அவர் பெயர் தெரியாது. கொக்கியை மாட்டிவிட்டு, விளக்கை அணைத்தாள்.