குலசிங்கம் வீட்டுப் பொயிலர்

ஞாயிறு காலை, மோர்னிங்சைட் வீட்டின் பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் பழைய பொயிலரின் முன்தகட்டைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்தாள் கிளடிஸ். மெல்லிய செப்புக் குழாய் ஒன்று இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"குலசிங்கம் அண்ணை, இது பழுதாகி நிக்கேல்லை. ஆரோ தெர்மோகப்பிளைக் கழட்டியிருக்கினம்."

வீட்டுக்காரர் குலசிங்கம் மேலங்கியின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு நின்றார். "அதுக்கென்ன? முப்பது வருசப் பொயிலர். புதுசு போடத்தானே போறம்."

காப்புறுதி நிறுவனத்துக்காக, எரிந்த வீடுகளையும் வெள்ளம் புகுந்த வீடுகளையும் பார்த்து, அது விபத்தா அல்லது ஒருவர் செய்த வேலையா என்று சொல்வது கிளடிஸின் தொழில். இன்று அவள் வந்தது தன் தோழி, குலசிங்கத்தின் மனைவி இராஜேஸ்வரிக்காக. வெள்ளி இரவு பொயிலர் நின்றது. மே மாதத்திலும் வீடு விறைத்தது. ஆஸ்துமாக்காரியான இராஜேஸ்வரியை மகன் பிரவீனன் மறுநாள் காலையே அஜக்ஸில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்து அவள் கிளடிஸைக் கூப்பிட்டாள்: "ஒருக்கால் போய் நில்லடி. இவர் தனியப் பொயிலர் வாங்கினால் கண்டதையும் பூட்டிப்போடுவார்."

"வியாழக்கிழமை பொயிலர் விக்கிற பொன்னம்பலம் வந்து பாத்தவர்," குலசிங்கம் தானாகவே சொன்னார். "அவர்தான் வியாபாரத்துக்காக ஏதும்…"

"வியாழன் கழட்டியிருந்தால் வியாழனே நிண்டிருக்கும். உந்தச் சாமான் இல்லாமல் காஸ் திறவாது. வெள்ளி இரவு வரைக்கும் வேலை செய்ததெல்லோ?"

கிளடிஸ் குனிந்து பார்த்தாள். காஸ் குழாயின் பிடியும் ஒழுங்காக மூடப்பட்டிருந்தது. கழற்றியவருக்கு வீட்டை எரிக்கும் எண்ணம் இல்லை.

பிரவீனனுக்குப் போன் எடுத்தாள். "அப்பாவைப் பொயிலர் மாத்தச் சொல்லி நீதானே ரெண்டு வருசமா நச்சரிக்கிறாய்?"

"ஓம் அன்ரி, பட் நான் வெள்ளி நைட் ஒட்டாவாவில, பார்லிமென்ட்டுக்கு முன்னால, ஆர்ப்பாட்டத்தில நிண்டனான். அப்பா கோல் பண்ணினாப்பிறகுதான் வெளிக்கிட்டனான். அம்மா குளிரில இருக்க நான் அப்பிடிச் செய்வனோ?"

மேலே குசினி மேசையில் இரண்டு விளம்பரத் தாள்கள் கிடந்தன. பொன்னம்பலத்திடம் பொயிலர் கையிருப்பில் இருந்தது, செவ்வாயன்றே பூட்டிவிடுவார். கிறிஸ்துநாயகம் என்ற மற்றவர் தொழிற்சாலையிலிருந்து எடுப்பித்துத் தரவேண்டும். இரண்டு வாரம் செல்லும்.

"எதை எடுக்கிறியள்?"

"கிறிஸ்துநாயகத்திட்டை."

"ஏன்?"

"அது நல்ல கொம்பனி."

கிளடிஸ் இரண்டு தாள்களையும் மாறிமாறிப் பார்த்தாள். முன்னறைக்குப் போய், வன்னிப் போர்ச் செய்தி பார்க்கத் தொலைக்காட்சியைப் போட்டாள். திரை நீலமாக நின்றது.

"அதுவும் வெள்ளி இரவுதான் நிண்டது," என்றார் குலசிங்கம்.

அவள் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டாள். டிஷ் வயர் கழன்று தொங்கியது. முறுக்கிப் பூட்டும் வயர்; தானாகக் கழன்று விழாது.

"இருங்கோ அண்ணை," என்றாள். அவர் அமர்ந்தார்.

"பொயிலரைக் கழட்டினது நீங்கள்தான். பொயிலர் விக்கிறவனுக்கு உங்கட ரீவியில என்ன அலுவல்? ரெண்டையும் ஒரே இரவில ஒரே கைதான் கழட்டியிருக்கு. அந்த இரவு வீட்டில நீங்கள் ரெண்டுபேர்தான். இராஜேஸ் கழட்டியிருந்தால் என்னை இங்க அனுப்பமாட்டாள். மற்றது, மேசையில கிடக்கிற ரெண்டும் ஒரே கொம்பனி செய்த, ஒரே அளவுப் பொயிலர். வித்தியாசம் நாள் மட்டும்தான். மனுசிக்கு ஆஸ்துமா, வீடு ஐஸ். ஆரும் செவ்வாய்க்கிழமையை விட்டுட்டு ரெண்டு கிழமையை எடுப்பினமோ? பொயிலரில்லை, அந்த ரெண்டு கிழமைதான் உங்களுக்கு வேணும். அவளுக்கு என்னத்தை மறைக்கிறியள்?"

குலசிங்கம் உள்ளங்கைகளைப் பார்த்தபடி இருந்தார்.

"வெள்ளி பின்னேரம் லண்டனிலயிருந்து ஊர்க்காரன் அன்புராசா போன் எடுத்தவன். இராஜேஸின்ர தம்பி இராஜரட்ணம்… முள்ளிவாய்க்காலில, பங்கருக்கு மேல ஷெல் விழுந்ததாம். அவள் ரீவிக்கு முன்னாலயிருந்து எழும்பமாட்டாள். அதில அவனைக் கண்டாளெண்டால்? அஜக்ஸில மகன் வீட்டில தமிழ் ரீவி இல்லை, அதுதான் அவளை அங்க போகவைச்சது. கொஞ்ச நாள் கிடைச்சால் மெல்ல மெல்லச் சொல்லலாமெண்டு…"

"வெளிக்கிடுங்கோ, போய் அவளிட்டைச் சொல்லுவம்."

நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் கிளடிஸ் காரை ஓட்டினாள்.

அஜக்ஸில் இராஜேஸ்வரி பேரனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். குலசிங்கம் நின்றபடியே சொன்னார். சீப்பு அவள் கையிலேயே இருந்தது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"நேற்று இவனுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டேக்க நான் கைதட்டிப் பாடினனான். என்ர தம்பி செத்துக் கிடக்க, நான் பாடினனான். பாட விட்டுட்டியள்."

அவள் உள்ளே போய்ப் பையுடன் திரும்பி வந்தாள்.

"வீட்டை போவம். துக்கம் கேக்கச் சனம் வரும்."

"வீடு சரியான குளிர், இராஜேஸ்."

"குளிரட்டும்."

குலசிங்கம் பையை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.