கிளாக்கர் வீட்டு போர்ஷே

காருக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அற்புதமலர் அப்படியே நின்றுவிட்டாள். பூசை முடிந்து அப்பா இன்னும் ஃபாதரிடம் பேசிக்கொண்டிருந்தார். தூறல் பிடித்துக்கொண்டதே, காரில் போய் உட்காருவோம் என்று அவள் மட்டும் முன்னால் வந்தாள். வந்து பார்த்தால்... மாதா கோயில் மதிலோரம், அப்பாவின் வெள்ளி நிற போர்ஷேக்குக் கீழே, பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்புச் சப்பாத்துகள்!

திருடன்! அதுவும் ஞாயிற்றுக்கிழமை... கோயில் வாசலில்... என்ன துணிச்சல்!

குடையை மடக்கினாள். அதன் நுனியால் ஒரு சப்பாத்தின் மேல் ஓங்கிக் குத்தினாள்.

"ஆ... அம்மா!"

உள்ளே எதிலோ தலை இடிக்கும் சத்தம். பிறகு முழங்கால், வெள்ளைச் சட்டை, கடைசியாக ஒரு முகம் வெளியே வந்தது. நெற்றியில் கறுப்பாக ஒரு சொட்டு எண்ணெய், பொட்டு வைத்ததுபோல. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... திருடனுக்கு இப்படிச் சிரிக்கிற கண்கள் இருக்குமா என்ன?

"எங்க கார்ல என்ன கழட்டுறீங்க?"

"கழட்டலைங்க. பாத்துக்கிட்டிருந்தேன்."

"பாக்குறவங்க மேலேருந்து பாப்பாங்க. கீழ படுத்துக்கிட்டா பாப்பாங்க?"

"அழகு பாக்குறவங்க மேலேருந்து பாப்பாங்க. வாங்க நினைக்கிறவங்க கீழ படுத்துத்தான் ஆகணும்."

"இதை விக்கப்போறோம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவன் காரின் முன் கண்ணாடியைக் காட்டினான். 'விற்பனைக்கு' என்று அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. காலையில் அவள் கண்முன்னால்தான் அதை ஒட்டினார்! மலர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரிப்பை அடக்குவதற்குப் பட்ட பாடு... அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் பிலிப்பு. கோட்டும் தொப்பியுமாக அவர் நடந்து வந்தால் பதுளையில் பாதிப்பேர் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

"நான் எட்வர்ட், ஐயா. இங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறேன். காத்துலயே எஞ்சின் ஆறுற கார்னா எனக்கு உயிரு. அண்ணன்கிட்ட ஒரு பழைய வோக்ஸ்வேகன் இருந்துச்சு. அதைப் பிரிச்சு மாட்டித்தான் வளந்தேன்."

"அதான் உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குற புத்தி..." என்று மலர் முணுமுணுத்தாள்.

அது அவன் காதில் விழுந்துவிட்டது. கண்களால் மட்டும் சிரித்தான். அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. மழையில் நிற்கும்போது எங்கேயிருந்து வந்தது இந்தச் சூடு?

அப்பாவுக்குக் காரைப் பற்றி ஒருவர் கேட்டால் போதும். "தம்பி, தோட்டத்தை அரசாங்கம் எடுத்தப்ப எங்க வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போனாரு. போறதுக்கு முந்தின நாளு என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உக்காரவச்சு, கையில சாவியக் குடுத்தாரு. இந்தத் தோட்டத்துல எந்தக் கிளாக்கருக்காவது அந்த மரியாதை கெடைச்சிருக்கா? எனக்கு அடுத்த மாசத்தோட பென்சன். பண்டாரவளையில வாங்கியிருக்கிற வீடு படிக்கட்டுக்கு மேல இருக்கு. கார் ஏறாது. இல்லாட்டி விக்கவே மாட்டேன்."

இந்தக் கதையை மலர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தன்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கே சொல்லியிருக்கிறாள். தாயில்லாமல் தன்னை வளர்த்த அப்பாவுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பரிசு அது. கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறையும்.

"சனிக்கிழமை வந்து நல்லாப் பாருங்க, தம்பி."

"வர்றேங்க. ஒண்ணே ஒண்ணு... அன்னைக்கு நான் வர்ற வரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க. சூடா இருந்தா எல்லா எஞ்சினும் ஒழுங்காத்தான் ஓடும். குளிர்ல எழுப்பினாத்தான் அதோட குணம் தெரியும்."

சனிக்கிழமை அவன் சொன்னபடி வந்தான். மலர் ஏனோ அன்று நீலச் சேலை கட்டியிருந்தாள். பின்னலைக் கூட இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டிருந்தாள். சும்மாதான்... வீட்டுக்கு ஒருவர் வருகிறாரே என்று...

வந்தவனோ அவளைப் பார்க்கவேயில்லை! நேரே போய், எஞ்சின் இருக்கும் பின்மூடியில் உள்ளங்கையை வைத்தான். "நல்லாக் குளிர்ந்திருக்கு" என்றான். பிறகு கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்தான். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனான்.

"இது எதுக்கு?" அவள் கேட்டாள்.

"தகரம் நல்லா இருந்தா காந்தம் ஒட்டும். துருப்பிடிச்ச இடத்துல பட்டி பூசிப் பெயின்ட் அடிச்சிருந்தா ஒட்டாது."

கதவுக்கு மேலே ஒட்டியது. மட்கார்டில் ஒட்டியது. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் வைத்தபோது... காந்தம் பொத்தென்று புல்லில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். மறுபடியும் விழுந்தது. அவன் முகத்திலிருந்த சிரிப்பும் மெல்ல மெல்ல இறங்கியது.

எஞ்சினைக் கிளப்பிவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். "இந்தக் காரோட குரல் இது இல்லையே..." பின்மூடியைத் திறந்து, டோர்ச் அடித்துப் பார்த்தான். முன்மூடியைத் திறந்து, பாட்டரியைத் தூக்கி வைத்து, அடியிலிருந்த ஒரு பலகையை உருவினான்.

பலகைக்குக் கீழே தகரம் இல்லை. வாசலிலிருந்த புல் தெரிந்தது.

"டீச்சர்..." அவன் குரல் மிகவும் தணிந்திருந்தது. "எஞ்சினு போர்ஷேயோடது இல்லை. யாரோ அதைக் கழட்டி எடுத்துட்டு வோக்ஸ்வேகன் எஞ்சினை வச்சிருக்காங்க. அதுகூடப் பரவாயில்ல. முன்சக்கரத்தைத் தாங்குற இடம் அரிச்சுப் போச்சு. ஒரு பெரிய குழியில விழுந்தா..."

துரையின் பரிசு... அப்பாவின் மரியாதை... உள்ளே இதுதானா?

"அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள் அவசரமாக. "புடிக்கலைன்னு சொல்லிட்டுப் போயிருங்க. நெறம் புடிக்கல, சின்னதா இருக்குன்னு ஏதாவது... துரை தன்னை மதிச்சாருன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அவரு நிமிர்ந்து நடக்கிறாரு. கெஞ்சிக் கேக்குறேன்..."

அவள் கண்களில் நீர் தளும்புவதை அவன் பார்த்தான். ஒரு நிமிடம் அவன் கண்களும் தடுமாறின.

"நீங்க வேற எதைக் கேட்டாலும் செய்வேன். ஆனா நாளைக்கு இதுலதானே மலை இறங்கிப் பூசைக்கு வருவீங்க? ரெண்டு பேரும்?"

அப்பா திரும்பி வந்ததும் எட்வர்ட் சொல்லிவிட்டான். பணிவாகத்தான் சொன்னான், ஆனால் எதையும் மறைக்கவில்லை. அப்பாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"துரை குடுத்த கார்ல குத்தம் சொல்ல வந்தியா? போ வெளியே!"

அவன் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். கேட் வரைக்கும் மலர் பின்னாலேயே ஓடினாள். வழியனுப்ப அல்ல, சண்டை போட!

"ஒரே ஒரு பொய் சொல்லத் தெரியல உங்களுக்கு!"

"தெரியலைங்க" என்றான். "தயவுசெஞ்சு அதுல ஏறாதீங்க."

மறுநாள் காலை அப்பா வழக்கம்போலக் கோட்டைப் போட்டுக்கொண்டு சாவியை எடுத்தார். "வா, அந்தப் பயலுக்குக் காட்டுவோம்."

மலர் வாசற்படியிலேயே நின்றாள். அப்பாவின் பேச்சை அவள் ஒருநாளும் தட்டியதில்லை.

"நான் பஸ்ல வர்றேன்ப்பா. நீங்களும் இதுல போகக்கூடாது. துரை குடுத்தா என்ன, யாரு குடுத்தா என்ன... எனக்கு நீங்க வேணும்."

அப்பா அவளைப் பார்த்தார். சாவியைக் கையில் உருட்டினார். பிறகு காரின் மூக்கில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

"அந்தப் பலகையை வச்சது யாருன்னு நினைக்கிறே? நான்தான்."

"அப்பா...!"

"மொத மழையிலேயே என் காலு நனைஞ்சுது மலரு. எஞ்சின் மாத்தினதும் தெரியும். பழசைத் தள்ளிவிட்டுட்டுப் போயிருக்காரு துரைன்னு அன்னைக்கே புரிஞ்சுது. ஆனா நீ பள்ளிக்கூடம் பூரா பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பேன்? வாங்க வர்றவன்கிட்டத் தனியாச் சொல்லிரலாம்னு இருந்தேன். அவன் உன் முன்னாடியே போட்டு உடைச்சுட்டான். அதான் அவ்வளவு கோவம். ஆனா சக்கரம் வரைக்கும் அரிச்சிருக்குன்னு அவன் சொன்னதைக் கோவத்துல நம்பலைம்மா. நம்பியிருந்தா உன்னை ஏத்தப் பாப்பேனா?"

மலருக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அப்பாவுக்காக அவள் மறைக்கப் பார்த்தாள். அவளுக்காக அப்பா மறைத்தே வைத்திருந்தார். இரண்டு பேரையும் காப்பாற்றியவனை இரண்டு பேருமாகச் சேர்ந்து விரட்டியிருக்கிறார்கள்!

"எந்திரிங்கப்பா. பஸ் போயிரும்."

பஸ் பதுளை ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வழியிலெல்லாம் நின்று நின்று வந்ததில் பூசைக்கு நேரமாகிவிட்டது. மலர் இறங்கக் காலை வைத்தாள். கீழேயிருந்து ஒருவன் அவசரமாக அதே படியில் ஏறினான். இருவரும் முட்டிக்கொள்ளாத குறை.

எட்வர்ட்!

தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும், இறங்கவும் தோன்றாமல் ஏறவும் தோன்றாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"கோயில் வாசல்ல நின்னேன்... பூசை ஆரம்பிச்சிருச்சு... கார் வரல. வழியில ஏதாவது வளைவுல கவுந்துட்டீங்களோன்னு... தேடி வரத்தான் பஸ் ஏறினேன்."

பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினான். மூவரும் இறங்கி ஒரு தேத்தண்ணிக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். அப்பா தொப்பியைக் கழற்றினார். அவர் யார் முன்னாலும் அப்படித் தொப்பியைக் கழற்றி மலர் பார்த்ததில்லை.

"தம்பி, நேத்து நான் பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

"ஐயோ, என்னங்க ஐயா நீங்க..."

அப்பா அவனுடைய நனைந்த சட்டையைப் பார்த்தார். தலை குனிந்து நின்ற மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் முன்னால போறேன். பிரசங்கமாவது கேக்கலாம். நீங்க மழை விட்டதும் வாங்க." குடையை விரித்துக்கொண்டு நடந்தே விட்டார்!

மழை இப்போதைக்கு விடுகிறதாக இல்லை. விடவேண்டும் என்று இருவருக்கும் அவசரமும் இல்லை.

"காரை உங்களுக்கே குடுக்கிறதா அப்பா பஸ்ல சொன்னாரு" என்றாள் மலர். "இவ்வளவு தெரிஞ்சும் வேணுமா?"

"வேணும். எல்லாம் தெரிஞ்சுதானே கேக்குறேன். வெட்டி ஒட்டிச் சரிபண்ணுவேன். ஆனா நாளாகும். அடிக்கடி உங்க வீட்டுக்கு வரவேண்டியிருக்கும்."

"நாங்கதான் பண்டாரவளைக்குப் போறோமே. அங்க கார் நிக்காது."

"நான் வருவேன்."

"கார் இல்லாத வீட்டுக்கு எதுக்கு வரணுமாம்?"

எட்வர்ட் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்குப் பொய் சொல்ல வராது, மலர். காருக்காக வர்றேன்னு சொன்னா அது பொய். நீங்க வேணும்... அதுக்காகத்தான் வருவேன்."

தெருவெல்லாம் மழை. அவள் காதில் மட்டும் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. நிமிர்ந்து பார்த்தாள்... அதே கண்கள்... இப்போது சிரிக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தன.

"நேத்து நீங்க போனப்ப கேட்லயே நின்னேன்" என்றாள் மெதுவாக. "கோவத்துலதான் நிக்கிறேன்னு நினைச்சேன். நீங்க மறைஞ்ச பொறகும் நின்னுக்கிட்டே இருந்தேன்..."

"எதுக்கு?"

"ஒரு தடவையாவது திரும்பிப் பாப்பீங்கன்னு."

"பாத்திருந்தா?"

"பாத்திருந்தா..." முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே அவள் சிரித்தாள். "இப்ப நீங்க சொன்னதை நேத்தே நான் சொல்லியிருப்பேன்."